மெருகேற்றுதல்

'மெருகேற்றுதல்' என்கிறோம். ஏற்றுதல் என்பது இல்லாத ஒன்றைச் சேர்த்தலையும் குறிக்கும். யாழ்ப்பாணத்தில் பழைய மொறிஸ் மைனர் காரொன்றைப் புதுக்கிய தொழிலாளரிடம் நான் கண்டதோ இதற்கு மாறானது.

நிறப்பூச்சின்மேல் அவர் விசிறிய தெளிபூச்சு, காய்ந்து இறுகியபின் தோடம்பழத் தோல்போல் நுண்ணிய மேடுபள்ளங்களுடன் தோன்றிற்று. 1500ஆம் இலக்க அரத்தாளை நீரில் நனைத்துக் கட்டையொன்றிற் சுற்றி, மேடுகளை மட்டும் தேய்த்தார். தேய்ந்த துகள் புதுக் கீறல் இடாதவாறு நீர் அதனை அகற்றியது. பின்னர் 2000, 3000 என மேலும் மென்மையான தாள்கள். ஒவ்வொன்றும் முந்தியதன் கீறலை மாற்றித் தன் நுண்கீறலை விட்டது. துடைத்துக் காயவிட்டபோது கார் முழுவதும் பால்போல் மங்கியிருந்தது. பழுதாயிற்றென்றே பார்ப்பவர் நினைப்பர். ஈற்றில் மெருகுப்பசை இட்டுச் சுழல்பொறியால் தேய்க்க, எதிரே நின்ற வேம்பின் இலைகள் அதில் தெளிவாகத் தெரிந்தன.

தெளிபூச்சின் தடிப்பு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்கே. வெயிலின் ஊதாக்கடந்த கதிர்களிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதுவே. விளிம்புகளில் அது மிக மெல்லியது. ஆங்கு ஒருமுறை மிகையாகத் தேய்த்தாலும் நிறப்பூச்சு வெளிப்படும். பின்பு மீளப் பூசுவதன்றி வழியில்லை. ஆதலின் விளிம்புகளை ஒட்டுநாடாவால் முன்னரே மூடியிருந்தார்.

மெருகு, வேண்டாததை நீக்கப் பிறப்பது. நீக்குதற்கும் எல்லை உண்டு. மாணவர் கட்டுரையைச் செம்மையால் திருத்தும் ஆசிரியராகிய நாமும் அவ்வெல்லையை நினைத்தல் நன்று. மிகத் தேய்த்தால் பிழையோடு மாணவனின் நடையும் தேய்ந்துபோம்.