கொப்பன்ஹேகனில் ஒரு தீர்மானம்

1952 ஆம் ஆண்டுக் கோடையில் டென்மார்க்கின் தலைநகராகிய கொப்பன்ஹேகனை இளம்பிள்ளை வாதம் பற்றிக்கொண்டது. அந்நகரின் பிளெக்தாம் தொற்றுநோய் வைத்தியசாலைக்கு வந்தோருள் பலர் மூச்சுவிடவும் விழுங்கவும் வலியிழந்திருந்தனர். அங்கிருந்த சுவாசக் கருவிகளோ பெரியதொரு இரும்புக் கூண்டும், மார்பிற் பொருத்தும் ஆறு கருவிகளுமே. அவற்றின் துணைபெற்ற முதல் 31 பேரில் 27 பேர் மாண்டனர்.

வைத்தியர்கள் கல்வியிற் குறைந்தவரல்லர். நோயாளரின் இரத்தத்தில் கரியமிலவாயுவின் மொத்த அளவு மிகுந்திருந்ததை ஆய்வுகூடம் காட்டிற்று. அதனைக் காரம் மிகுந்ததன் அறிகுறியென்று கொண்டனர். பிராணவாயு ஊட்டப்பட்டமையால் உதடுகள் நீலம் பாரிக்கவுமில்லை. எனவே, மூச்சுப் போதாமையால் இறக்கின்றனர் என்ற ஐயம் எழவில்லை. மூளையையே நோய் தாக்கிவிட்டதென்று எண்ணினர்.

தலைமை வைத்தியர் லாசன், மயக்க மருந்து நிபுணராகிய இப்சனை அழைத்தார். அத்தகையோரைச் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வெளியே எவரும் தேடாத காலம் அது. இப்சன் அதே எண்களைக் கண்டு, நேர்மாறான முடிவுக்கு வந்தார். வெளியேற வேண்டிய கரியமிலவாயு உள்ளே தேங்கி இரத்தத்தை அமிலமாக்குகிறது என்றார்.

ஆகஸ்ட் 27 ஆம் நாள், இறக்குந் தறுவாயிலிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமியொருத்தியிடம் இது சோதிக்கப்பட்டது. தொண்டையிலே துளையிட்டுக் குழாய் செருகி, இரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்த முயன்றனர். அவள் திமிறினாள், காற்று உட்செல்லவில்லை. பார்த்து நின்றோர் நம்பிக்கையிழந்து அறையைவிட்டு அகன்றனர்.

அப்பொழுது இப்சன் மயக்க மருந்தை ஏற்றினார். மூச்சுத் திணறும் குழந்தைக்கு மூச்சையடக்கும் மருந்தா என்று எவருக்கும் நெஞ்சு நடுங்கும். ஆயினும் அது கண்மூடித்தனமன்று. அவளுடைய சொந்த மூச்சு அவளைக் காக்கவில்லை. அது அடங்கினால் பையின் காற்றுத் தடையின்றிச் செல்லும். அவ்வாறே சென்றது. பின்னர் செயற்கைச் சுவாசத்தைக் குறைத்துப் பார்த்தார். வியர்வை பெருகி, இரத்த அழுத்தம் ஏறியது. மீண்டும் கூட்டவே இரண்டும் தணிந்தன. நோயன்று, தேங்கிய வாயுவே அக்குறிகளுக்குக் காரணம் என்பது புலனாயிற்று.

கருவிகள் போதாமையால் ஏறத்தாழ 1500 வைத்திய மாணவர் முறைவைத்துப் பைகளை அழுத்தினர். ஒரே வேளையில் எழுபது நோயாளர்வரை இவ்வாறு சுவாசித்தனர். இறப்பு வீதம் பாதிக்குங் கீழே இறங்கியது. ஆயினும் மாணவரின் கையிலிருக்கும்போதே உயிர்நீத்தோரும் உண்டு. பிழைத்தோருட் சிலரது மூச்சு, மாதக்கணக்காகப் பிறர் கையிலேயே இருந்தது.