செவிமடுப்பவருக்குப் பாடம் புகட்டிய பேராசிரியர்

மனத்துயரோடு உளவளத்துணை நிலையமொன்றின் படியேறியவர், ஒரு தடவையுடன் நின்றுவிட்டால் குறை யாருடையது? ஐக்கிய அமெரிக்காவின் உளவியலாளர்கள் நெடுங்காலமாக வந்தவரிடமே குறை கண்டனர். அந்தக் கணிப்பைத் தலைகீழாகப் புரட்டியவர்களுள் முதன்மையானவர் பேராசிரியர் டெரால்ட் விங் சூ.

1942 இல் ஒரிகன் மாநிலத்தின் போட்லண்ட் நகரில் சீன வம்சாவளிக் குடும்பமொன்றிற் பிறந்த அவர், பாடசாலையில் இனத்தின் பெயரால் கேலிக்குள்ளானவர். கலிபோர்னியாவிற் கற்பித்த பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியிற் பேராசிரியரானார். 1972 இல் சகோதரர் ஸ்டான்லி சூவுடன் இணைந்து ஆசிய அமெரிக்க உளவியற் சங்கத்தை நிறுவினார்.

அச்சகோதரர் சியாட்டில் பகுதியின் 17 உளநல நிலையங்களை ஆராய்ந்து 1970 களில் வெளியிட்ட முடிவு அதிர்ச்சியளித்தது. வெள்ளையரில் சுமார் 30 சதவீதத்தினர் முதல் அமர்வுடன் நின்றுவிட, சிறுபான்மையினரில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் திரும்பி வரவில்லை.

காரணத்தை டெரால்ட் சூ பயிற்சிமுறையிலேயே தேடினார். தன்னைப் பற்றி மனந்திறந்து பேசுவதும் தனித்து முடிவெடுப்பதுமே உளநலத்தின் அடையாளங்கள் எனப் பயிற்சியாளர்களுக்குப் போதிக்கப்பட்டிருந்தது. ஆகவே, குடும்ப விடயத்தை அந்நியரிடம் சொல்லக் கூசுபவரும், மூத்தவர் முன் மௌனம் காப்பவரும், பெற்றோரைக் கேளாமல் முடிவெடுக்காதவரும் 'ஒத்துழைக்காதவர்' ஆயினர். எமது வாசகர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. 2004 ஆழிப்பேரலையின் பின்னர் எமது மொழியும் வழக்கமும் அறியாது வந்திறங்கிய வெளிநாட்டு உளவளத்துணையாளர்கள் மீது எழுந்த விமர்சனமும் இத்தகையதே.

1982 இல் சூவின் தலைமையில் வெளியான அறிக்கை, உளவளத்துணையாளருக்கு மூன்று தகைமைகளை வலியுறுத்தியது. தனது சொந்தச் சார்புகளை உணர்தல், மற்றவரின் வாழ்வுமுறையை அறிதல், அதற்கேற்ற திறன்களைப் பெறுதல் என்பனவே அவை. முதலாவதே கடினமானது. அதனைத் தவிர்த்து இரண்டாவதை மட்டும் கற்பவர், 'சீனர் இப்படி, முஸ்லிம்கள் அப்படி' என்று புதிய முத்திரைகளுடன் வெளியேறுவார். பல பயிற்சிப் பட்டறைகள் இந்த இடத்திற்றான் சறுக்குகின்றன. 1992 இல் பற்றீசியா அரெடொன்டோ, றொடெரிக் மக்டேவிஸ் ஆகியோருடன் இணைந்து அவர் இவற்றை 31 தகைமைகளாக விரித்தெழுதினார்.

பொதுமக்கள் அவரை அறிந்தது 2007 ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றினால் ஆகும். சிறிய விமானமொன்றின் முன்பகுதியில் அமர்ந்திருந்த சூவும் கறுப்பின நண்பரும், எடையைச் சமப்படுத்தப் பின்னே செல்லுமாறு கேட்கப்பட்டனர். அவர்களுக்குப் பின்னர் ஏறிய வெள்ளையரிடம் எவரும் அவ்வாறு கேட்கவில்லை. பணிப்பெண்ணோ தாம் இனபேதம் பார்க்கவில்லை என்றே உறுதியாக நம்பினார். இத்தகைய 'நுண் அவமதிப்பு'களுக்கு உளமருத்துவர் செஸ்டர் பியர்ஸ் 1970 இலேயே பெயரிட்டிருந்தார். அவற்றை வகைப்படுத்தியவர் சூ.

இக்கருத்துக்குப் போதிய ஆய்வாதாரம் இல்லையென உளவியலாளர் ஸ்கொட் லிலியன்பெல்ட் 2017 இல் கண்டித்தார். பாதிக்கப்பட்டோரின் அனுபவமும் ஆதாரமே எனச் சூ பதிலளித்தார். லிலியன்பெல்டின் கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. எனினும் அந்த விவாதம் பயிற்சித் தகைமைகளின் அடித்தளத்தைத் தொடவில்லை. 1992 ஆம் ஆண்டுப் பட்டியல் 2015 இல் திருத்தப்பட்டபோதும் சுயவிழிப்புணர்வே அதன் முதற் படியாக இருந்தது.