எத்தனை ஈடு, எத்தனை இட்லி? சமன்பாடு எப்படி இயங்குகிறது?

வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள். பெரிய பானையில் மூன்று ஈடு எடுத்தாயிற்று. பக்கத்து வீட்டிலிருந்தும் 4 இட்லி வந்தது. ஹாட்பாக்ஸில் எண்ணினால் மொத்தம் 40. அப்படியானால் ஓர் ஈட்டுக்கு எத்தனை இட்லி?

40-இல் 4 போனால் 36. அதை மூன்றால் வகுத்தால் 12. மனக்கணக்காகவே விடை வந்துவிடுகிறது. இதைத்தான் பாடப்புத்தகம் ஒரு மாறியில் அமைந்த நேரிய சமன்பாடு என்கிறது. தெரியாத எண்ணுக்கு ‘ப’ என்று பெயர் வைத்தால்:

3ப + 4 = 40

சமக்குறிக்கு இரண்டு பக்கமும் இருப்பது ஒரே எண்தான். ஆகவே ஒரு பக்கம் 4-ஐ எடுத்தால் மறுபக்கமும் 4-ஐ எடுக்க வேண்டும். ‘பக்கம் மாறினால் குறி மாறும்’ என்று பள்ளியில் மனப்பாடம் செய்கிறோமே, அதன் பின்னால் இருப்பது இவ்வளவுதான். எந்த எண்ணும் எங்கும் தாவுவதில்லை. இரு பக்கமும் ஒரே வேலை நடக்கிறது.

வரிசையையும் கவனியுங்கள். முதலில் ஈடுகளைப் பெருக்கினோம், பிறகு 4-ஐக் கூட்டினோம். அவிழ்க்கும்போது கடைசியாகச் சேர்த்ததை முதலில் எடுக்கிறோம். முதலிலேயே மூன்றால் வகுப்பதும் தப்பில்லை. ஆனால் அந்த 4-ஐயும் சேர்த்து வகுக்க வேண்டும், வீணாகப் பின்னம் வந்து நிற்கும்.

இப்போது தெரியாதவை இரண்டு. வேறொரு வீட்டில் பெரிய பானை, சின்ன பானை இரண்டும் இருக்கின்றன. சனிக்கிழமை பெரியதில் 2 ஈடு, சின்னதில் 1 ஈடு. மொத்தம் 40 இட்லி. இந்த ஒரு தகவல் போதாது. பெரியதில் 15, சின்னதில் 10 என்றாலும் 40 வரும். 18, 4 என்றாலும் வரும். இன்னொரு தகவல் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பெரியதில் 1 ஈடு, சின்னதில் 4 ஈடு, மொத்தம் 48. ஓர் ஈட்டுக்குப் பெரிய பானையில் ‘ப’ இட்லி, சின்ன பானையில் ‘ச’ இட்லி என்று வைத்தால்:

2ப + ச = 40
ப + 4ச = 48

இரண்டில் ஒன்றைக் காணாமல் போகச் செய்வதுதான் இனி வேலை. ஞாயிற்றுக்கிழமைக் கணக்கை அப்படியே இரட்டிப்பாக்குங்கள்: 2ப + 8ச = 96. இதிலிருந்து சனிக்கிழமைக் கணக்கைக் கழித்தால் பெரிய பானை விலகிவிடுகிறது. மிஞ்சுவது 7ச = 56. சின்ன பானையில் ஈட்டுக்கு 8. அதை முதல் வரியில் போட்டால் 2ப = 32; பெரிய பானையில் 16.

இதுதான் நீக்கல் முறை. சீனாவில் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட ‘கணிதக் கலையின் ஒன்பது அத்தியாயங்கள்’ நூலின் எட்டாம் அத்தியாயம் இதே வழியில்தான் செல்கிறது. அங்கே உயர்தரம், நடுத்தரம், கீழ்த்தரம் என மூன்று வகைத் தானியக் கட்டுகள்; எண்ணும் குச்சிகளைப் பலகையில் அடுக்கி ஒவ்வொன்றாக நீக்கினார்கள். சமக்குறியே 1557-இல்தான் அச்சில் வந்தது. குறியீடு வருவதற்கு வெகுகாலம் முன்பே முறை இருந்திருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. ஞாயிறன்று 4 பெரிய ஈடு, 2 சின்ன ஈடு, மொத்தம் 80 என்று சொன்னால் அது புதுத் தகவல் அல்ல, சனிக்கிழமையின் இரட்டிப்பு. கழித்துப் பார்த்தால் 0 = 0 என்று நிற்கும், ஒரே விடை கிடைக்காது. அதே ஈடுகளுக்கு 90 என்றால் 0 = 10 என்று வரும்; யாரோ தப்பாக எண்ணியிருக்கிறார்கள், விடையே கிடையாது. சமன்பாடுகள் எத்தனை என்பதைவிட, அவை வெவ்வேறு செய்தி சொல்கின்றனவா என்பதே முக்கியம்.

பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும்போது குறி மாறும் விதியோடு நிறுத்திவிடாதீர்கள். ஏன் மாறுகிறது என்பதையும் சொல்லுங்கள். விடை வந்ததும் இரண்டு வரிகளிலும் போட்டுப் பார்க்கப் பழக்குங்கள்: 32 + 8 = 40, 16 + 32 = 48. இரண்டும் ஒத்துவந்தால் விடை சரிதான். அதை உறுதிசெய்ய ஆசிரியரின் டிக் தேவையில்லை.