குமரி மாவட்டத்தில் உயிலும் புரோபேட்டும்

ஒருவர் எழுதிவைத்த உயில் அவர் இறந்த பிறகே செயலுக்கு வருகிறது. எழுதியவரே இல்லாத நிலையில், அது அவருடைய உயில்தானா, தெளிந்த மனதோடு எழுதினாரா, அதுவே கடைசி உயிலா என்று ஆராய்ந்து நீதிமன்றம் தன் முத்திரையோடு தரும் சான்றே புரோபேட். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயிலில் நிறைவேற்றுநர் என்று குறிக்கப்பட்டவர் மட்டுமே இதைப் பெற முடியும். அப்படி யாரையும் குறிக்காவிட்டாலோ, குறிக்கப்பட்டவர் இறந்துவிட்டாலோ, பொறுப்பை ஏற்க மறுத்தாலோ, சொத்தைப் பெறுபவர் உயிலை இணைத்து நிர்வாக அதிகாரப் பத்திரம் கேட்கலாம்.

புரோபேட் யாருக்குத் தேவை என்ற கேள்விக்குக் குமரி மாவட்டத்தில் நெடுங்காலம் மதத்தைப் பொறுத்தே பதில் இருந்தது. இந்துக்களைப் பொறுத்தவரை, புரோபேட்டைக் கட்டாயமாக்கிய அச்சட்டத்தின் 213ஆம் பிரிவு தமிழ்நாட்டில் சென்னை நகர எல்லைக்குள் எழுதிய உயில்களையும் அந்த எல்லைக்குள் உள்ள நிலம், வீடு பற்றிய உயில்களையும் மட்டுமே கட்டுப்படுத்தியது. நாகர்கோவிலில் எழுதி, தோவாளை வயலைப் பற்றி மட்டும் பேசும் உயிலுக்குப் புரோபேட் வேண்டியிருக்கவில்லை. முஸ்லிம்களுக்கும் அப்பிரிவு பொருந்தவில்லை. கிறித்தவர்களாலோ உயிலை எங்கே எழுதியிருந்தாலும் புரோபேட் இல்லாமல் உயில்வழி உரிமையை நீதிமன்றத்தில் நிலைநாட்ட முடியவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் ஏறக்குறைய 47 விழுக்காடு கிறித்தவர்கள் வாழும் மாவட்டத்தில் இது சிறிய சுமையல்ல. கேரளம் 1990களிலேயே தன் கிறித்தவர்களுக்கு விலக்கு அளித்துவிட்டது. எல்லைக்கு இப்பால் விளவங்கோட்டில் இருந்தவர்கள் 2002ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் வரை காத்திருந்தார்கள்.

உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்து விஷயத்தில் இந்த மண்ணின் வரலாறு இன்னும் சிக்கலானது. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூரோடும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த பகுதி. நாஞ்சில் நாட்டு வேளாளரில் ஒரு பிரிவினரிடம் மருமக்கள்வழி வழங்கியது. தகப்பன் சொத்து சகோதரியின் மக்களுக்குப் போக, பெற்ற மக்களுக்கு உகந்துடைமை என்று ஒரு பங்கே கிடைத்தது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ எழுதியது இந்தக் கொடுமையைப் பற்றித்தான். 1926இல் வந்த நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் அந்த முறையைத் தகர்த்தது.

கிறித்தவப் பெண்களின் நிலையும் மேலானதல்ல. 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறித்தவ வாரிசுரிமைச் சட்டம் மகளுக்கு மகனின் பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதை மட்டுமே கொடுத்தது. 1951க்குப் பிறகும் அச்சட்டம் செல்லுமா என்பதில் சென்னை உயர் நீதிமன்றமே 1970களில் இருவேறு விதமாகத் தீர்ப்பளித்தது. 1986இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், 1951 ஏப்ரல் 1 முதல் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று முடிவுகட்டியது. அந்த நாளில் இன்றைய குமரியின் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததால், இங்குள்ள பெண்களுக்கும் சம பங்கு உறுதியானது.

உயில் செல்லுபடியாக இரண்டு சாட்சிகளாவது கையெழுத்திட வேண்டும். முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமல்ல. ஆனால் கிறித்தவர்கள் கவனிக்க வேண்டிய இரண்டு விதிகள் உண்டு. சாட்சிக் கையெழுத்திட்டவருக்கோ அவருடைய மனைவி அல்லது கணவருக்கோ எழுதிவைத்த சொத்து அவரைச் சேராது. உயில் எழுதிய பிறகு திருமணம் செய்தால் அந்த உயில் ரத்தாகிவிடும். இந்துக்களை இவ்விரண்டும் கட்டுப்படுத்துவதில்லை.

புரோபேட் மனு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கலாகும். இறந்த நாள், சொத்துகளின் மதிப்பு, உயில் முறைப்படி எழுதப்பட்டது என்ற உறுதி, இறந்தவர் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் குடியிருந்தார் அல்லது சொத்து வைத்திருந்தார் என்ற விவரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். கிடைத்தால் சாட்சிகளில் ஒருவரும் மனுவில் சரிபார்ப்புக் கையெழுத்திடுவார். நெருங்கிய உறவினர்களுக்கு அறிவிப்பு போகும். மறுப்பவர் கேவியட் போட்டால், மனு உரிமையியல் வழக்காக மாறி முழு விசாரணை நடக்கும். மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகும்.

வழக்கு பெரும்பாலும் சாட்சிகளிடம்தான் நிலைக்கும் அல்லது சாயும். உயிலால் பெரும்பயன் அடைபவரே அதை எழுதுவதில் முன்னின்றிருந்தால், மனைவி மக்களைக் காரணமின்றி ஒதுக்கியிருந்தால், அந்தச் சந்தேகத்தைப் போக்கும் பொறுப்பு உயிலை முன்வைப்பவருடையது என்று 1959இலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. பதிவான உயிலுக்கும் இதே அளவுகோல்தான். இரு சாட்சிகளும் இறந்திருந்தால் ஒரு சாட்சியின் கையெழுத்தையும் எழுதியவரின் கையெழுத்தையும் அறிந்தவர்களைக் கொண்டு மெய்ப்பிக்க வேண்டும். எனவே தம்மைவிட இளைய, எளிதில் கண்டுபிடிக்கக்கூடிய சாட்சிகளைத் தேர்ந்தெடுப்பது பத்திரச் செலவைவிட முக்கியமானது.

புரோபேட் கிடைத்தால் சொத்து இறந்தவருடையதுதான் என்று ஆகிவிடாது. அந்த நீதிமன்றம் உயிலின் உண்மையை மட்டுமே பார்க்கும். கொல்லம் ஆண்டிட்டு மலையாளத்தில் எழுதிய பழைய பாகப்பத்திரத்தில் தொடங்கும் உரிமைத் தகராறுக்குத் தனி வழக்குதான் வழி. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் யார் யார் வாரிசுகள் என்று சொல்லுமே தவிர, உயிலை மெய்ப்பிக்காது. வங்கியில் பெயர் குறிக்கப்பட்ட நாமினியும் பணத்தைப் பெற்று உரியவருக்குச் சேர்க்க வேண்டியவரே.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நீக்க, திருத்தச் சட்டம் 213ஆம் பிரிவையே அகற்றிவிட்டது. சென்னையில் வீடு வைத்திருக்கும் நாஞ்சில் நாட்டுக் குடும்பத்துக்கும் இனி புரோபேட் கட்டாயமில்லை. விரும்பினால் கேட்கலாம், உடன்பிறந்தார் தகராறு செய்யக்கூடும் என்றால் கேட்பதே நல்லது. சாட்சிகள் உயிரோடிருக்கும்போதே அவர்களுடைய வாக்குமூலம் பதிவாகிவிடும்.

புரோபேட் பெற்றவரின் வேலை அதோடு முடிவதில்லை. ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும் ஓராண்டுக்குள் கணக்கும் நீதிமன்றத்தில் தர வேண்டும். இறுதிச்சடங்குச் செலவும் கடைசி மருத்துவச் செலவும் முதலில் தீர்க்கப்படும். அடுத்து புரோபேட் செலவு. அதன்பின், இறப்பதற்கு முந்தைய மூன்று மாதத்தில் செய்த வேலைக்காகத் தொழிலாளிக்கும் வீட்டுப் பணியாளுக்கும் தர வேண்டிய கூலி. பிறகு மற்றக் கடன்கள். இவையெல்லாம் போக மிஞ்சியதே உயிலில் பெயர் கண்டவர்களுக்கு. இறந்த நாளிலிருந்து ஓராண்டு முடியும்வரை அதைக் கொடுக்கும்படி நிறைவேற்றுநரை அவர்கள் கட்டாயப்படுத்த முடியாது.