வாயேஜரில் ஒரு சுவிட்சை அணைப்பது எப்படி?

கைக்கு எட்டாத கணினி ஒன்றைச் சிக்கனமாக ஓட்டுவதில் நாசாவின் வாயேஜர் குழுவுக்கு நிகர் யாருமில்லை என்று தயங்காமல் சொல்வேன். 1977-இல் ஏவிய இரட்டை விண்கலங்களில் வாயேஜர் 1 இன்று 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் ஓடிக்கொண்டிருக்கிறது. நாம் அனுப்பும் ஒரு கட்டளை அங்கே போய்ச் சேர 23 மணி நேரத்துக்கும் மேல் ஆகும். பதில் வர மறுபடி அதே அளவு நேரம்.

அவ்வளவு தூரத்தில் சூரிய ஒளியை நம்ப முடியாது. புளூட்டோனியம்-238 சிதையும்போது வெளிவரும் வெப்பத்தை மின்சாரமாக்கும் மூன்று கலன்கள்தான் ஒவ்வொரு வாயேஜருக்கும் ஆதாரம். புறப்படும்போது சுமார் 470 வாட் கிடைத்தது. புளூட்டோனியம் குறையக் குறைய, ஆண்டுக்கு ஏறத்தாழ 4 வாட் கழிந்துகொண்டே போகிறது. வரவு நிச்சயமாகக் குறையும் என்பதால் செலவைத்தான் குறைக்க வேண்டும். 1990 பிப்ரவரி 14 அன்று பூமியைச் சிறு புள்ளியாகப் படம்பிடித்த சற்று நேரத்தில் வாயேஜர் 1-இன் கேமராக்களை அணைத்துவிட்டார்கள். அதன்பின் ஒவ்வொரு கருவியாக ஓய்வு கொடுத்து வருகிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மின்சாரத்தில் கணிசமான பங்கு ஹீட்டர்களுக்குப் போகிறது. அவற்றை அணைத்தால் வாட் மிச்சமாகும், கருவிகளோ குளிரில் விறைக்கும். 2019-இல் வாயேஜர் 2-இன் காஸ்மிக் கதிர் கருவிக்கான ஹீட்டரை வேறு வழியின்றி அணைத்தார்கள். கருவியின் வெப்பநிலை மைனஸ் 59 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியது. பூமியில் அதைச் சோதித்தது மைனஸ் 45 வரைதான். ஆனாலும் அது தொடர்ந்து தகவல் அனுப்பியது. அந்தக் காலத்துப் பொறியாளர்களை நினைத்தால் எனக்கு மரியாதை கூடுகிறது.

மின்சாரத்தைவிடத் தேய்மானம் இன்னும் நுட்பமான கவலை. ஆன்டெனா பூமியைப் பார்த்தபடியே இருக்க, சின்னஞ்சிறு உந்திகள் அவ்வப்போது ஹைட்ரசீன் எரிபொருளைப் பீய்ச்சுகின்றன. எரிபொருள் தொட்டிக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு வயதாகிச் சிலிக்கான் டையாக்சைடை உதிர்க்கிறது. அது நுண்குழாய்களில் படிகிறது. 0.25 மில்லிமீட்டர் அகலமிருந்த ஒரு குழாய், 2024-இல் 0.035 மில்லிமீட்டராகச் சுருங்கியிருந்தது. தலைமுடியின் பருமனில் பாதி!

இதைத் தள்ளிப்போட 2023-இல் எளிய தீர்வு ஒன்று கண்டார்கள். கலம் முன்பைவிட ஏறக்குறைய ஒரு டிகிரி கூடுதலாக விலகும்வரை பொறுத்திருந்து, பிறகு உந்தியை இயக்குவது. அதனால் உந்தி எரியும் தடவை குறைந்தது. அவ்வப்போது கொஞ்சம் தகவல் தவறிப்போகலாம் என்று தெரிந்தேதான் இதை ஏற்றார்கள்.

2024 ஆகஸ்டில் வாயேஜர் 1-ஐ வேறோர் உந்திக் கிளைக்கு மாற்ற வேண்டி வந்தது. குளிர்ந்து கிடக்கும் உந்தியை அப்படியே இயக்கினால் பழுதாகலாம். முதலில் சூடேற்ற வேண்டும். அதற்கு மின்சாரம் இல்லை. கடைசியில் கலத்தின் முக்கிய ஹீட்டர் ஒன்றை ஒரு மணி நேரம்வரை அணைத்து வைத்து, அந்த வாட்டை உந்தி ஹீட்டர்களுக்குக் கொடுத்தார்கள். வேலை முடிந்தது.

அடுத்த ஆண்டு இதைவிடத் துணிச்சலான ஒன்று நடந்தது. கலம் தன்னைத்தானே சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் முதன்மை உந்திகளின் இரு ஹீட்டர்கள் 2004-இல் மின்சாரம் இழந்தன. அவற்றைச் சரிசெய்ய முடியாது என்று முடிவு கட்டி, மாற்று உந்திகளுக்குப் போய்விட்டார்கள். இப்போது அந்த மாற்று உந்திகளிலும் அடைப்பு. ஹீட்டரே பழுதாகவில்லை, மின்சுற்றில் ஏதோ ஒரு குலுக்கலில் சுவிட்ச் தவறான நிலைக்குப் போயிருக்கலாம் என்று ஒரு பொறியாளர் சந்தேகித்தார். சுவிட்சைத் திருப்ப வேண்டுமானால் முதலில் உந்திகளை உயிர்ப்பிக்க வேண்டும். அந்த நேரத்தில் கலம் தன் வழிகாட்டி நட்சத்திரத்திலிருந்து அதிகம் விலகினால் உந்திகள் தாமாக எரியும். ஹீட்டர் அணைந்திருக்கும்போது எரிந்தால் சிறு வெடிப்பே நிகழலாம். காத்திருக்கவும் முடியாது: கட்டளை அனுப்பப் போதுமான வலுவுள்ள கான்பெராவின் 70 மீட்டர் ஆன்டெனா, மே மாதம் முதல் பல மாதங்களுக்குப் பராமரிப்புக்காக மூடப்படவிருந்தது.

2025 மார்ச் 20 அன்று குழுவினர் திரையில் பார்த்துக்கொண்டிருந்தது, ஏறக்குறைய ஒரு நாளுக்கு முன்பே நடந்து முடிந்த நிகழ்ச்சியை. இருபது நிமிடத்துக்குள் ஹீட்டர்களின் வெப்பநிலை விறுவிறுவென ஏறியது. இருபது ஆண்டுகளுக்கு முன் கைவிட்ட உந்திகள் மறுபடி பயன்பாட்டுக்கு வந்தன.