தேம்பாவணியும் தேர்வுத்தாளும்

மார்ச்சுத் திங்களில் சேர்வராயன் மலையில் இருவகைக் கவலைகள் ஒருங்கே தோன்றுகின்றன. காப்பித் தோட்டத்தார் மழைக்காக வானத்தைப் பார்க்கின்றனர். பத்தாம் வகுப்பில் பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோர் வினாத்தாளை எண்ணி அஞ்சுகின்றனர். மழையைப் பற்றி நாம் சொல்லக்கூடியது ஒன்றுமில்லை. வினாத்தாளைப் பற்றி, அதிலும் இலக்கிய வினாக்களைப் பற்றி, சில கூறலாம்.

பெற்றோர் நம்மிடம் கொண்டுவரும் முறையீடு பெரும்பாலும் ஒன்றே. "சாமி, பாட்டை மனப்பாடமாகச் சொல்கிறான், உரையை ஒரு வரி விடாமல் ஒப்பிக்கிறான், கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் மட்டும் பேனா ஓடமாட்டேன் என்கிறது!"

இவ்வாறு திருப்பிக் கேட்கப்படும் வினாக்களைக் கல்வியாளர் 'உயர் சிந்தனை வினாக்கள்' என்பர். அமெரிக்கப் பேராசிரியர் பெஞ்சமின் புளூம் தம் துணைவரோடு 1956இல் வெளியிட்ட நூலில் கற்றலை ஆறு படிகளாக வகுத்தார். 2001இல் அதனைத் திருத்தியோர் நினைவுகூர்தல், புரிந்துகொள்ளல், பயன்படுத்தல் என்பவற்றைக் கீழ்ப்படிகளாகவும், பகுத்தாய்தல், மதிப்பிடல், படைத்தல் என்பவற்றை மேற்படிகளாகவும் அமைத்தனர். மனப்பாடத்தை இழித்துப் பேசுவது இன்று ஒரு நாகரிகமாகிவிட்டது. அதை நாம் ஏற்கவில்லை. பாட்டு நெஞ்சில் இல்லாதவன் எதைப் பகுத்தாய்வான்? குறை, பாட்டை மனப்பாடம் செய்வதில் இல்லை. பிறர் எழுதிய விடையை மனப்பாடம் செய்வதில்தான் உள்ளது.

இக்கருத்து மேலைநாட்டார்க்கே உரியதன்று. பவணந்தி முனிவரின் நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறது. தான் விடையறிந்திருந்தும் மாணவன் அறிந்தானா என்று காண ஆசிரியர் கேட்பது அறிவினா. தான் அறியாததை அறிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. தேர்வு முழுவதும் அறிவினா என்றே நம் பிள்ளைகள் எண்ணியிருக்கின்றனர். "இப்பகுதியை நீ எவ்வாறு மதிப்பிடுகிறாய்?" என்று கேட்கும்போதோ, திருத்துவோர் பாட்டை அறிவாரேயன்றி மாணவனின் முடிவை அறியார். அது பாதி அறியா வினா. அதற்குரிய விடை எந்த உரைநூலிலும் அச்சாகி இருக்க இயலாது.

இதில் நம் மலைக்கென ஒரு சிக்கல் உண்டு. 1917இல் தொடங்கிய மாண்ட்போர்ட் பள்ளி முதலான விடுதிப் பள்ளிகளால் ஏற்காடு நாடெங்கும் பெயர் பெற்றது. ஐ.சி.எஸ்.இ. தேர்வுக்குப் பல்லாண்டு பாடமாயிருந்த ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் நகர வணிகன்' நாடகத்தைக் கற்றோர், ஷைலாக்குக்குக் கிடைத்தது நீதிதானா என்று வகுப்பில் வாதாடிப் பழகியிருப்பர். அதே மலையில், தோட்டக் குடியிருப்பிலிருந்தும் மலையாளி எனப்படும் பழங்குடியினரின் ஊர்களிலிருந்தும் அரசுப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளுள், குடும்பத்தில் முதன்முதலாகப் படிப்போர் பலர். அரையாண்டுத் தேர்வும் காப்பிப் பழம் பறிக்கும் பருவமும் ஒன்றாக வருவதுமுண்டு. வாதாட வீட்டில் ஆளில்லாத பிள்ளைக்கு மனப்பாடம் ஒன்றே ஊன்றுகோல். அதையும் பறித்துவிட்டு 'சிந்தித்து எழுது' என்றால் அக்குழந்தை என் செய்யும்?

இதற்கு விடை காண ஒரு பாடத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழக அரசு 2019இல் வெளியிட்ட பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் வீரமாமுனிவரின் தேம்பாவணிப் பகுதியொன்று இடம்பெற்றது. கானகத்தில் தாய் எலிசபெத்தை இழந்த கருணையன், அதாவது திருமுழுக்கு யோவான், புலம்பும் பகுதி அது. கவிஞர் உவமைகளாலும் உருவகங்களாலும் செய்த அஞ்சலியை விவரிக்குமாறு கேட்டது அதற்குரிய நெடுவினா. கொய்த மலர்போல் வாடினான், நச்சம்பு தைத்த புண்போல் நொந்தான், துணை பிரிந்த பறவைபோல் அழுதான், துளி நீரின்றிக் காய்ந்த இளம்பயிர்போல் காய்ந்தான் என வரிசையாக எழுதிவிட்டால் விவரித்தாயிற்று. மதிப்பெண்ணும் வரும்.

ஆனால், 'ஏன்' என்னும் ஒரு சொல்லை இங்கே நுழைத்துப் பாருங்கள். பயிர் ஏன் காய்ந்தது? தாயின் வாய்மொழியே மழைநீர் என்று சற்று முன்னரே கவிஞர் உருவகம் செய்துவிட்டார். தாய் மாண்டாள், மொழி நின்றது, மழை நின்றது, ஆகவே பயிர் காய்ந்தது. உருவகமும் உவமையும் தனித்தனியே நிற்கவில்லை. இத்தொடர்பைக் கண்டு சொல்வதே பகுத்தாய்தல். மலர், பறவை, பயிர் ஆகிய மூன்றும் தமக்கு ஆதாரமானதைப் பிரிந்தவை. அம்புப்புண் மட்டும் வெளியிலிருந்து வந்த காயம். 'இது மற்றவற்றோடு சேரவில்லையே' என்று ஒரு மாணவி எழுதினால், நாம் திருத்துபவராயின் மகிழ்ந்து மதிப்பெண் இடுவோம்.

இன்னும் ஒன்று. உய்யும் வகை அறியேன், உணவு தேடும் முறை அறியேன், காட்டில் செல்லும் வழி அறியேன் என்றெல்லாம் அறியாமையையே அடுக்கும் கருணையன், அறிந்ததாகக் கூறுவது ஒன்றுதான்: தாய் தன் கையால் காட்டித் தந்தது. மறைக்கல்வி கற்ற நம் பிள்ளைகள் இங்குச் சற்று நிற்பர். வெட்டுக்கிளியும் காட்டுத்தேனும் உண்டு பாலை நிலத்தில் வாழ்ந்தவரல்லவா யோவான்! எலிசபெத்தின் இறப்பை நற்செய்தி நூல்கள் கூறவில்லை. ஆயினும் பின்னாளைய அத்தவமுனிவரைக் கவிஞர் இங்கே திகைத்து நிற்கும் மகனாகக் காட்டுகிறார். ஏன்? 'கடவுள் அருள்கூர்ந்தார்' எனப் பொருள்படும் யோவான் என்னும் பெயரைக் 'கருணையன்' என்று தமிழாக்கியதேன்? இவை உயர் சிந்தனை வினாக்களேயன்றி வேறல்ல. இவற்றிற்கு விடை காணும் செல்வம் நம் பிள்ளைகளிடம் ஏற்கெனவே உண்டு.

தோட்டத்துப் பிள்ளைக்கு வேறொரு செல்வமும் உண்டு. கோடையின் தொடக்கத்தில் உரிய மழை பெய்தால் சில நாளில் காப்பிச் செடி வெண்மலராய் விரிந்து மல்லிகைபோல் மணக்கும். மழை பொய்த்தால் மொட்டு கருகும். பயிர் கதிர் பிடிக்குமுன்பே காய்வதன் துயரம், நகரத்துப் பிள்ளைக்கு உரைநூல் சொல்லித் தெரிய வேண்டியது. இம்மலைப் பிள்ளை தன் தாய் முகத்திலேயே கண்டது. வழுக்கும் சரிவில் வழியறியாது நிற்றல் என்பதும் அப்படியே. இதனை ஓரிரு வரியில் விடையுள் சேர்த்தால் அது 'பயன்படுத்தல்'. ஒன்றை மட்டும் எச்சரிப்போம்: பாட்டை விட்டுவிட்டுக் காப்பித் தோட்டக் கதையே எழுதினால் அது விடையாகாது. ஒவ்வொரு கருத்திற்கும் பாட்டிலிருந்து ஒரு சொல்லையோ உவமையையோ சான்று காட்டல் வேண்டும். அணியின் பெயரை மட்டும் எழுதி நிறுத்துவதும் போதாது. கானகத்து மரங்களும் சுனைகளும் அழுவன போன்று ஒலித்தன என்பது தற்குறிப்பேற்றம் என்று பலரும் எழுதுவர். ஆறுதல் சொல்ல மனிதர் ஒருவரும் இல்லாத இடமாதலின் கவிஞர் காட்டையே அழச் செய்தார் என்று சேர்த்தெழுதுவோர் சிலரே.

வாதாட ஆளில்லையே என்றோம். படியாத தாயும் இதற்கு ஏற்ற துணைவரே. இரவு உணவின்போது, "இன்று என்ன பாட்டு படித்தாய்? அந்தப் பிள்ளை ஏன் அப்படி அழுதது? நீயாயிருந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்க எழுத்தறிவு தேவையில்லை. பிள்ளை தன் சொல்லில் அதை விளக்கட்டும். பிழையிருந்தாலும் இடைமறிக்க வேண்டாம். மறுநாள் அதையே பத்து வரியில் எழுதச் செய்யலாம். பங்கில் மாலைப் படிப்பு நடத்தும் இளைஞர்க்கும் இதையே கூறுவோம்: விடையைச் சொல்லி எழுதவைப்பதை வாரத்தில் ஒரு நாளேனும் நிறுத்திவிட்டுக் கேள்வி மட்டும் கேளுங்கள்.

பொதுத்தேர்வில் வினாத்தாளைப் படிப்பதற்கென்றே பத்து நிமிடம் தருகின்றனர். அந்நேரத்தில் ஒவ்வொரு நெடுவினாவின் இறுதிச் சொல்லைப் பார்த்து வைத்துக்கொள்வது நன்று. 'விவரிக்க' என்றால் உள்ளதை முறையாக எடுத்துரைத்தல். 'ஒப்பிடுக' என்றால் ஒற்றுமையோடு வேற்றுமையும் கூறல். 'மதிப்பிடுக' என்றால் தன் முடிவை முதல் வரியிலேயே சொல்லிப் பிறகு சான்று காட்டல்.