பூட்டுக்கு ஏற்ற சாவி

எங்கள் திண்டுக்கல்லில் பூட்டு வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது, "எதுக்கும்மா? வாசக் கதவுக்கா, பீரோவுக்கா, கடை ஷட்டருக்கா?" என்றுதான். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பெருமை எங்கள் பூட்டுக்கு உண்டு. ஆனால் எவ்வளவு பெயர் பெற்ற பூட்டானாலும், ஒன்றின் சாவி இன்னொன்றுக்குச் சேராது. கம்ப்யூட்டர் வேலைக்கு மனுப் போடுவதும் இதே கதைதான் என்பதை, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நான், போன வருஷம் என் அக்கா மகள் மூலம் தெரிந்து கொண்டேன்.

அவள் பி.இ. படித்தவள். சென்னையில் ஒரு கம்பெனியில் மூன்று வருஷம், சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்க்கும் 'டெஸ்டிங்' வேலை செய்தாள். கல்யாணம், குழந்தை என்று ஆனதும் வேலையை விட்டுவிட்டு, மாப்பிள்ளைக்கு வேலை இருக்கிற இந்த ஊருக்கே வந்துவிட்டாள். நாலு வருஷம் ஓடிவிட்டது. குழந்தை எல்.கே.ஜி. போக ஆரம்பித்ததும் மறுபடி வேலை தேடத் தொடங்கினாள். வீட்டுக் கடன் தவணை கழுத்தை நெரிக்கிற நேரம். மூன்று மாதத்தில் நாற்பது இடங்களுக்கு மனுப் போட்டும் ஒரு அழைப்புகூட வரவில்லை.

"எனக்கு எல்லாம் மறந்து போச்சுன்னு அவங்களுக்கே தெரிஞ்சிடுச்சு போல, சித்தி" என்று கண் கலங்கினாள்.

"அப்படி என்னதான் எழுதி அனுப்பறே? காட்டு பார்ப்போம்" என்றேன்.

அம்மாடி! நாலு பக்கம்! அப்பா பெயர், திருமணமானவர் என்ற விவரம், பள்ளியில் பாஸ் செய்த டைப்பிங், கோலம் போடுவதில் ஆர்வம், அதற்கப்புறம் இருபத்திரண்டு கம்ப்யூட்டர் சமாசாரங்களின் பெயர்கள். வங்கி ஒன்றின் பணம் அனுப்பும் வசதியை அவள் இரண்டு வருஷம் சோதித்துப் பார்த்தது மூன்றாம் பக்கத்தில் ஒரே வரியில் கிடந்தது. கல்யாண விருந்தில் பாயசம் வருவதற்குள் இலையை மடித்துவிட்ட மாதிரி!

பொங்கலுக்கு எதிர் வீட்டுத் தம்பி கோவையிலிருந்து வந்திருந்தான். அவன் வேலை பார்க்கும் நிறுவனத்தில், வருகிற மனுக்களைப் பார்த்து ஆள் எடுக்கிற பொறுப்பும் அவனுக்கு உண்டு. அவனிடம் காட்டினோம்.

"அக்கா, ஒரு வேலைக்கு நூத்துக்கணக்குல வருது. ஒண்ணொண்ணையும் ஒரு நிமிஷம் பார்த்தாலே அதிகம். அதுக்குள்ள எனக்கு வேண்டியது கண்ணுல படணுமே! உங்களுக்கு இருபத்திரண்டும் தெரியுமா?"

"எட்டு நல்லாத் தெரியும் தம்பி. மத்ததெல்லாம் கேள்விப்பட்டதுதான்."

"அப்ப அந்த எட்டை மட்டும் எழுதுங்க. மீதியில ஒரு கேள்வி கேட்டு நீங்க முழிச்சா, தெரிஞ்ச எட்டையும் யாரும் நம்ப மாட்டாங்க."

அன்று அவன் சொன்னதையும் பிறகு நாங்களே கற்றுக்கொண்டதையும் சகோதரிகளுக்காகத் தொகுத்துத் தருகிறேன்.

முதலில், விளம்பரத்தை நிதானமாக இரண்டு தடவை படியுங்கள். அவர்கள் கேட்பதில் உங்களுக்கு உண்மையிலேயே தெரிந்தவற்றைப் பென்சிலால் கோடிடுங்கள். அவைதான் முதல் பக்கத்தின் மேலே வர வேண்டும். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் மனுவை முதலில் கம்ப்யூட்டரே அலசுகிறதாம். ஆகவே விளம்பரத்தில் இருக்கிற சொல்லையே எழுதுவது நல்லது. படம், கட்டம், அலங்காரம் எல்லாம் அதைக் குழப்பிவிடும். ஒவ்வொரு வேலைக்கும் மனுவைக் கொஞ்சம் மாற்றித்தான் அனுப்ப வேண்டும்.

இரண்டாவது, 'ஜாவா தெரியும்', 'எஸ்.க்யூ.எல். தெரியும்' என்று மொட்டையாக எழுதாதீர்கள். அதை வைத்து என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். எங்கள் பெண், 'பணம் அனுப்பியபின் இரண்டு கணக்குகளிலும் தொகை சரியாக இருக்கிறதா என்று எஸ்.க்யூ.எல். மூலம் சரிபார்த்தேன்' என்று மாற்றி எழுதினாள். எத்தனை சோதனைகள் எழுதினாள், எத்தனை பேர் குழுவில் இருந்தாள் என்ற கணக்கையும் சேர்த்தாள். 'கடின உழைப்பாளி' என்று நம்மை நாமே சொல்லிக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல்.

மூன்றாவது, அப்பா பெயர், ஜாதி, மதம், திருமண விவரம் இவற்றுக்கும் வேலைத் திறமைக்கும் சம்பந்தமில்லை. ஆதார் எண்ணையும் மனுவில் எழுத வேண்டாம். இரண்டு பக்கத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலாவது, இடைவெளியை ஒளிக்காதீர்கள். இதில்தான் எங்கள் பெண் வழுக்கி விழ இருந்தாள். ஒரு பயிற்சி மையத்தில், "நாலு வருஷத்தையும் அனுபவமாக் காட்டி சர்ட்டிபிகேட் தர்றோம், பணம் மட்டும் கட்டுங்க" என்றார்களாம். கடன் கவலையில் அவளுக்கும் சபலம் தட்டிவிட்டது. தம்பிதான் தடுத்தான். எந்த நிறுவனத்தில் எந்த மாதம் வரை இருந்தோம் என்பது பி.எப். கணக்கில் பதிவாகி இருக்குமே! அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கிற நிறுவனங்கள் உண்டு. குட்டு வெளிப்பட்டால் கிடைத்த வேலையும் போய், பெயரும் கெட்டுவிடும்.

அவள், 'குழந்தை வளர்ப்புக்காக இடைவெளி' என்று ஒரே வரி, எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை என்பதோடு எழுதினாள். அழுது வடியவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. அதன் கீழே, இப்போது புதிதாகக் கற்றது என்ன என்று இன்னொரு வரி.

அந்த வரிக்கு உழைப்பு வேண்டுமே! மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' பாடங்கள் இலவசம். ஜாவா, பைத்தான் போன்றவற்றைத் தமிழ்க் குரலிலேயே கேட்கலாம். ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களையும் காசில்லாமல் படிக்கலாம். சான்றிதழ் பரீட்சைக்கு மட்டும் கட்டணம். குழந்தை தூங்கிய பிறகு இரண்டு மாதம் உட்கார்ந்தாள். 'செலினியம்' என்ற இலவசக் கருவியைப் பழகி, அதில் தானே செய்த சோதனைகளை 'கிட்ஹப்'பில் ஏற்றி, அந்த முகவரியை மனுவில் கொடுத்தாள். 'ஏட்டுச் சுரைக்காய்' என்று இனி யாரும் சொல்ல முடியாது அல்லவா?

உங்கள் வீட்டில் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் இது பொருந்தும். 2022 மார்ச் 1-ந் தேதி தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் பயிற்சி பெற்றிருந்தால், அதன் பெயரை எழுதுவதோடு நிறுத்தாமல், அங்கே என்ன செய்து பார்த்தார்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

ஒரு சுவையான செய்தி. மோனாலிசா ஓவியம் வரைந்த லியனார்டோ டாவின்சி, சுமார் 1482-ல் மிலான் நகரை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவுக்கு வேலை கேட்டு ஒரு கடிதம் தயாரித்தார். பாலம் கட்டுவேன், பீரங்கி செய்வேன் என்று யுத்த வித்தைகளை வரிசையாக எழுதிவிட்டு, ஓவியம் வரைவதைக் கடைசியில்தான் சொன்னார். ஆள்பவருக்கு என்ன தேவை என்று யோசித்து எழுதியிருக்கிறார், பாருங்கள்!

எங்கள் பெண்ணின் புது மனு ஒன்றரைப் பக்கம். பன்னிரண்டு இடங்களுக்கு மட்டும் அனுப்பினாள். இரண்டு அழைப்புகள் வந்தன. ஒன்றில் தேறவில்லை. இன்னொன்று மதுரையில் ஒரு சிறிய நிறுவனம். பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. சம்பளம் பழைய சம்பளத்தைவிடக் கொஞ்சம் குறைவுதான். ஆனாலும் முதல் மாதத் தவணையைத் தன் கையால் கட்டிவிட்டு வந்து, "இன்டர்வியூல எனக்குத் தெரிஞ்சதை மட்டுமே கேட்டாங்க சித்தி" என்றாள்.

"தெரிஞ்சதை மட்டும்தானேடி எழுதியிருந்தே?" என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.